ஏழாவது தொகுதியில் இரண்டு டெலோரிஸ்

ஏழாவது தொகுதியில் டெலோரிஸ் மேபின் என்று இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவள் கார்னெட் தெருக்காரி, பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளின் தட்டில் சாப்பாடு அள்ளிப் போடுகிறவள். இளையவள் வக்கீல். மூத்தவளின் பெயரைத்தான் இளையவளுக்கு வைத்தார்கள், அதுவும் நன்றிக்கடனாக.

மூத்தவளின் புருஷன் வெண்டலும் இளையவளின் அப்பா ரூபனும் கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள். ரூபனின் மனைவி எர்னஸ்டின் பிரசவத்தில் ரத்தம் கொட்டி, பிழைப்பாளா மாட்டாளா என்று பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, குறைமாதத்தில் பிறந்த பெண் சிசுவைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் டெலோரிஸ். அப்போது அவளுக்கே இடுப்பில் ஒன்று இருந்தது, மகன் கார்னெல். அவனைத் தரையில் இறக்கி விட்டுவிட்டு இதை மார்பில் போட்டுக்கொண்டாள். சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினாள். எர்னஸ்டின் எழுந்து நடமாடும்வரை குழந்தை அவளிடம்தான் வளர்ந்தது.

“இது பொழைச்சதே உங்களாலதான் அண்ணி. உங்க பேரையே வைக்கிறேன்” என்றான் ரூபன்.

தெருவில் பெரிய டெலோரிஸ், சின்ன டெலோரிஸ் என்று ஆகிப்போனது.

ஏழாவது தொகுதியை வரைபடத்தில் பார்த்தால் காலொடிந்த நாய் படுத்திருப்பது போலத் தெரியும். தலை ஏரிக்கரையின் கண்ணாடிக் கட்டடங்களில், வயிறு ரயில் யார்டின் மேல், வால் பழைய கசாப்புக் கொட்டடிகளின் பக்கம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை தலைக்கணக்கு எடுத்து முடிந்ததும் எல்லைக் கோட்டை மாற்றிப் போடுவார்கள். ஒரு தடவை நாய்க்குப் புதுக் காது முளைக்கும், ஒரு தடவை வால் அறுந்து போகும். வாஷிங்டன் பிரதிநிதிகள் சபையில் இந்தத் தொகுதிக்கென்று இருக்கும் நாற்காலியில் முதலில் ஐரிஷ்காரர் ஹான்லன் உட்கார்ந்தார். செத்த பிறகுதான் எழுந்தார். பிறகு போலந்துக்காரர்கள் பெருகினார்கள், வோய்டாசிக் உட்கார்ந்தார். மிசிசிப்பியிலிருந்து ரயிலேறி வந்த கறுப்புக் குடும்பங்கள் கொட்டடிகளில் வேலைக்குச் சேர்ந்து, தெருத்தெருவாக நிறைந்தபோது போலந்துக்காரர்கள் ஒவ்வொரு வீடாகக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். வீட்டைத்தான் விட்டார்கள், நாற்காலியை விடவில்லை. ஏழாவதில் எப்போதும் ஒரே கட்சிதான் என்பதால், அது தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மார்ச்சில் நடத்தும் உட்கட்சித் தேர்தலோடு எல்லாம் முடிந்துவிடும். அதில் ஜெயித்தவன் நவம்பர் பொதுத்தேர்தலில் தூங்கினாலும் ஜெயிப்பான்.

வோய்டாசிக்கை எதிர்த்து முதலில் நின்ற கறுப்பர் லூதர் கெயின்ஸ். பெரிய டெலோரிஸுக்கு அப்போது இருபது சொச்சம் வயது. அவருக்காக மாடி மாடியாக ஏறி இறங்கினாள், கதவு கதவாகத் தட்டினாள். தேர்தலன்று வாக்குச் சீட்டைப் பார்த்தால் அதில் இரண்டு லூதர் கெயின்ஸ். இன்னொருவன் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இயக்குகிறவன். வோய்டாசிக்கின் ஆட்கள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். லிஃப்ட்காரன் வாங்கிய ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் நிஜக் கெயின்ஸ் தோற்றார். தெருவே திரண்டு போய் லிஃப்ட்காரனின் ஜன்னல்களை உடைத்தது. அந்தக் கூட்டத்தில் டெலோரிஸும் நின்றாள். கல் எறியவில்லை என்று பிற்பாடு சொல்வாள். அவன் பெண்டாட்டியின் முகத்தில் துப்பியதை மறைக்க மாட்டாள். ஒரே வாரத்தில் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போனது. அடுத்த தடவை கெயின்ஸ் ஜெயித்தார். அதற்குப் பிறகு அவரையும் யாராலும் அசைக்க முடியவில்லை.

வெண்டல் மாரடைப்பில் போனான். கார்னெல் வளர்ந்து, போதைப் பொடிப் பழக்கத்தில் விழுந்தான். அப்பாவின் கருவிப் பெட்டியை விற்றான், அம்மாவின் கல்யாண மோதிரத்தை விற்றான், ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் போட்டுப்போகும் தொப்பிகளையே விற்றுவிட்டு வந்தான். கதவைத் தாழ் போடுங்கள், அப்போதுதான் திருந்துவான் என்றார் போதகர். தாழ் போட்டாள். அந்தக் குளிர்காலத்தில் டயர் கடைக்குப் பின்னால் நின்ற ஓர் உடைசல் காருக்குள் அவனை எடுத்தார்கள். விறைத்துப் போயிருந்தான்.

அதற்கு முந்தின நாள் அவன் வீட்டுக்கு வந்தானா, வரவில்லையா என்று குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை. டெலோரிஸ் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். சட்டப் படிப்பு படித்துக்கொண்டிருந்த சின்ன டெலோரிஸ் அடக்கத்துக்கு வந்தவள், எல்லோரும் போன பிறகும் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

“தட்டுனான்டி. ரொம்ப நேரம் தட்டுனான். நான் எழுந்திரிக்கல. டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.”

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவளுக்கு அந்த அழுகை போதுமாயிருந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனாள், பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கு மசியலை வைத்து நடுவில் குழி பறித்துக் கிரேவி ஊற்றினாள்.

வருஷங்கள் ஓடின. லூதர் கெயின்ஸுக்குக் காது மந்தமாகி, கை நடுங்கத் தொடங்கியது. சின்ன டெலோரிஸ் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் வழக்குகளை நடத்திப் பேர் வாங்கியிருந்தாள். கெயின்ஸை எதிர்த்து அவள் நிற்கப் போகிறாள் என்ற செய்தி வந்தபோது பெரியவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அறிவிப்புக் கூட்டம் அவர்களுடைய தேவாலயத்தில். மூன்றாம் வரிசையில், புதுசாக வாங்கிய வெளிர்நீலத் தொப்பியோடு போய் உட்கார்ந்தாள்.

சின்னவள் நன்றாகத்தான் பேசினாள். பாதிப் பேச்சில் குரலைத் தாழ்த்தினாள்.

“என் அண்ணன் கார்னெல் இந்தத் தொகுதியிலதான் செத்தான். குளிர்ல, ஒரு உடைஞ்ச கார்ல. பெத்த தாய் வீட்டுக் கதவைத் தட்டினான். அவ திறக்கல. டிவி சத்தத்தைக் கூட்டி வச்சா. ஒரு தாயை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது யாரு? இந்தத் தொகுதியில போக்கிடம் இல்லாதவன் ராத்தங்க ஒரு கட்டில் உண்டா? முப்பது வருஷமா நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவர் என்ன செஞ்சார்?”

தேவாலயம் எழுந்து நின்று கை தட்டியது. பெரியவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டியவர்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு பெட்வே அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து கீழ்த்தளத்தில் பொரித்த மீனும் சோளரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது பெரியவள் சின்னவளை ஓரமாக இழுத்தாள்.

“எம் பிள்ளையை எதுக்குடி மேடையில ஏத்துன?”

“பெரியம்மா, இது உங்க கதை மட்டும் இல்ல. இந்தத் தொகுதியோட கதை.”

“தொகுதியா அவனைப் பெத்துச்சு? உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்.”

“அதைக் கேட்டுட்டு எத்தனை பேர் அழுதாங்கன்னு பார்த்தீங்களா? கார்னெல் சும்மா சாகலைன்னு ஆயிடுச்சு இல்லையா?” சின்னவளின் கண் அதற்குள் யாரோ ஒரு பத்திரிகைக்காரன் பக்கம் போய்விட்டது. “சாப்பிட்டுட்டுப் போங்க பெரியம்மா. தொப்பி நல்லாருக்கு.”

அந்தக் கதையை அவள் அதற்குப் பிறகு கண்ணாடிக் கட்டடங்களின் பக்கம் சொன்னாள், பழைய கொட்டடிப் பக்கம் குடியேறியிருந்த மெக்சிகோக்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொன்னாள். டிவி சத்தம் வரும் இடத்தில் எல்லா மொழியிலும் ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன், “சத்தத்தைக் கூட்டு, சத்தத்தைக் கூட்டு” என்று பாடினான்.

கெயின்ஸின் ஆள் ஹெர்ஷல் பீக் பள்ளிக்கூடத்துப் பின்வாசலுக்கு வந்தது அப்போதுதான். அந்த வட்டாரத்தில் யாருக்கு வேலை, யார் வீட்டு முன்னால் விளக்குக் கம்பம் என்பதெல்லாம் பீக் சொன்னால்தான் நடக்கும். டெலோரிஸ் பெரிய பாத்திரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ் டெலோரிஸ், நீங்க பேச வேணாம், ஊர்வலம் போக வேணாம், பணம் செலவழிக்க வேணாம். வாக்குச் சீட்டுக்குப் பேரை மட்டும் குடுங்க.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “லிஃப்ட்காரனுக்கு என்ன குடுத்தாங்க?”

பீக்குக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு சிரித்தான். “அட, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா! அப்ப நான் அரை டிரவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“நான் அங்க இருந்தேன்.”

“அப்ப விளக்கவே தேவையில்ல. உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க. பேப்பர்ல எழுத மாட்டோம், ஆனா வாக்கு தவற மாட்டோம்.”

“ஒண்ணும் வேணாம்” என்றாள். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “அவ பேருக்கு மேல எம் பேரு இருக்கணும்.”

வாக்குச் சீட்டில் பெயர்கள் வரும் வரிசையைக் குலுக்கல் போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். பீக் ஏதாவது செய்தானா, அதிர்ஷ்டம்தானா, யாருக்கும் தெரியாது. அவள் பெயர்தான் மேலே வந்தது.

சின்ன டெலோரிஸ் சும்மா இருக்கவில்லை. இது மோசடி, இந்தம்மாவின் பெயரை நீக்க வேண்டும் என்று தேர்தல் அதிகாரியிடம் மனுப் போட்டாள். விசாரணைக்கு வேறு வக்கீல் வைக்கவில்லை. தானே எழுந்து வந்து கேள்வி கேட்டாள். அறை நிறைந்திருந்தது. பெரியவள் நாற்காலியின் நுனியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“மிசஸ் மேபின், வாஷிங்டன் போனா முதல்ல எந்தச் சட்டத்துக்காகப் பேசுவீங்க?”

மிசஸ் மேபின் என்று அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

“தெரியாது.”

“பிரதிநிதிகள் சபையில மொத்தம் எத்தனை பேர்?”

“தெரியாது.”

“நம்ம தொகுதியோட வடக்கு எல்லை எங்க இருக்கு?”

“அதை மாத்திக்கிட்டே இருக்காங்களே.”

சிரித்தார்கள். பெரியவளும் தான் ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

“எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“எட்டு.”

“சட்டம் வேணாம், செய்தித்தாள் படிப்பீங்களா? இல்ல, டிவி மட்டும்தானா?”

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வியின் முள் எங்கே இருக்கிறதென்று தெரியும். யாரோ பின்னாலிருந்து ‘ஊஹூ’ என்று ராகம் இழுத்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டினார். சின்னவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“கடைசிக் கேள்வி. ஏன் போட்டி போடுறீங்க, மிசஸ் மேபின்?”

“நீ எம் பிள்ளையை எடுத்துக்கிட்ட. நான் எம் பேரைத் திருப்பி எடுத்துக்கிறேன்.”

வேட்பாளருக்கு வயதும் குடியுரிமையும் இருந்தால் போதும், அறிவு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றார் அதிகாரி. அதற்கும் சிரித்தார்கள். பெயர் நீக்கப்படவில்லை.

அதன் பிறகு சின்ன டெலோரிஸின் பிரசாரம் முழுவதும் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. ‘இரண்டாவது டெலோரிஸுக்குப் போடுங்கள்.’ வாடகைச் சட்டம், ராத்தங்கல் விடுதி எல்லாம் போய், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு குளிரில் பஸ் நிறுத்தம் நிறுத்தமாக நின்றாள். கெயின்ஸின் ஆட்கள் அவளைக் கண்டால், “என்னம்மா, ரெண்டாவதா வர்றதுக்கா இவ்வளவு பாடு?” என்று கத்துவார்கள்.

பெரியவளுக்கு நடுவில் ஒரு சபலம் தட்டியது. கோயிலில் நின்று நாலு வார்த்தை பேசினால் என்ன என்று நினைத்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் உப்பே இல்லாமல் பிள்ளைகள் குப்பையில் கொட்டுவது பற்றி, யார்டுப் பக்கம் பஸ் வராதது பற்றி. பீக்குக்கு போன் போட்டுக் கேட்டாள். அவன் சிரித்தது போனுக்கு வெளியிலும் கேட்டிருக்கும்.

“மிஸ் டெலோரிஸ், கடவுளேன்னு வீட்டுல இருங்க. நீங்க வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிஞ்சிடும்.”

மார்ச் வந்தது. கெயின்ஸ் ஜெயித்தார். சின்ன டெலோரிஸ் ஐந்நூறு சொச்சம் ஓட்டில் தோற்றாள். பெரிய டெலோரிஸுக்கு நாலாயிரத்துக்குக் கிட்டே விழுந்திருந்தது. வயசானவர்கள், கண் மங்கியவர்கள், அவசரக்காரர்கள், முதலில் கண்ட பெயரில் கை வைத்தவர்கள். இரண்டாவது விரல் வரைக்கும் அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஜெயித்தவர் மேடையில் பெரியவளின் பெயரைச் சொல்லவில்லை. பீக் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

சின்னவளின் அம்மா எர்னஸ்டின் வந்தாள். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே பேசினாள்.

“ஒண்ணை விறைக்க விட்டே. பத்தாதுன்னு இன்னொண்ணையும் தின்னுட்ட. உனக்கு வயிறு நிறைஞ்சுதா?”

“எர்னஸ்டின், நான் அவளுக்குப் பால் குடுத்தவ.”

“அதை வாந்தி எடுக்க முடிஞ்சா எடுத்து உம் மூஞ்சியில கொட்டியிருப்பா.”

யாரும் கல் எறியவில்லை. கோயிலில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். வாசற்படியில் சில நாள் குப்பைப் பை கிடக்கும். வெண்டல் போனதிலிருந்து பனி விழுந்தால் அவள் படிகளில் பனியை வாரி, வழுக்காமலிருக்க உப்புத் தூவிவிட்டுப் போவது ரூபனின் வழக்கம். அந்தக் குளிர்காலம் அவன் வரவில்லை. கட்டிப்போன பனியில் வழுக்கி, படியோடு படியாக விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தபால்காரர் வரும்வரை அங்கேயே கிடந்தாள். எர்னஸ்டின் காரில் அந்த வழியாகப் போனாள், வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டே போனாள் என்று பெட்வே அம்மாள் சொன்னாள். பெட்வேயும் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இல்லாவிட்டால் அது எப்படித் தெரியும்?

எலும்பு கோணலாகக் கூடியது. வேலை போனது. ஊன்றுகோல் வந்தது.

இரண்டாம் வருஷமே லூதர் கெயின்ஸ் இறந்தார். காலி நாற்காலிக்கு நடந்த தேர்தலில் சின்ன டெலோரிஸ் நின்றாள். இந்தத் தடவை அவளுக்குக் கூட்டம் சேர்த்தவன், ஆள் பிடித்தவன், பஸ் அனுப்பியவன் எல்லாம் ஹெர்ஷல் பீக்தான். கெயின்ஸின் சவப்பெட்டி மூடுவதற்குள் அவன் அவள் அலுவலகத்தில் நாற்காலி போட்டாயிற்று. முன்பு நடந்ததைப் பற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்டானா என்று யாரோ கேட்டார்கள். “எதுக்கு? அது அந்த வருஷத்து வேலை” என்றான். அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. சுலபமாக ஜெயித்தாள்.

தலைக்கணக்கு வந்தது, கோடும் மாறியது. கோடு போடுவது மாநிலச் சபைதான் என்பார்கள். எந்தத் தெருவை எங்கே வைக்க வேண்டும் என்று யார் யாரிடம் சொல்லி அனுப்பினார்கள் என்பது யாருக்கும் தெரியாததல்ல. புதுக் கோடு கார்னெட் தெருவின் நட்டநடுவே ஓடியது. பெட்வேயின் பக்கம் ஏழாவது தொகுதி. பெரிய டெலோரிஸின் பக்கம் ரயில் யார்டைத் தாண்டி, புறநகரின் புல்வெளி வீடுகளோடு சேர்த்து ஒட்டப்பட்டது. அங்கே ஜெயிக்கிறவர் குதிரைப் பண்ணை வைத்திருப்பவர். அவருக்குக் கார்னெட் தெரு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சின்னவள் தொகுதிக்காக நடத்திய வாடகைக்காரர் உதவி மையம், இலவசக் கண் பரிசோதனை, பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எல்லாம் தெருவின் எதிர்ப்பக்கத்தோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தார் அதிகாரிகளைத் திட்டவில்லை. பெரிய டெலோரிஸின் வீட்டைக் கடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

“ஒரு கெழவியோட வயித்தெரிச்சலுக்கு நாம எல்லாரும் பட்டினி.”

நவம்பரில் நன்றித் திருநாளுக்கு முந்தின மதியம், பிரதிநிதியின் லாரி கார்னெட் தெருவுக்கு வந்தது. திருநாள் விருந்துக்கு இலவசமாகக் கொடுக்க உறைந்த வான்கோழிகள். எதிர்ப்பக்க நடைபாதையில் வரிசை நீண்டது. பீக் காது மூடிய தொப்பியோடு, வருகிறவர்களிடம் வீட்டு எண் கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தான். அந்தப் பக்க வீடுகளுக்கெல்லாம் ஒற்றைப் படை எண், இந்தப் பக்கத்துக்கு இரட்டை; ஒற்றைப் படைக்கு உண்டு, இரட்டைக்கு இல்லை. இந்தப் பக்கப் பிள்ளைகள் சிலர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பெரிய டெலோரிஸ் ஊன்றுகோலோடு தெருவைக் கடந்து போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு அது என்ன துணிச்சலோ, பசியோ. முறை வந்ததும் பீக் அவளைப் பார்க்காமலே, “வீட்டு நம்பர்?” என்றான்.

சொன்னாள்.

“அது நம்ம தொகுதி இல்லீங்களே” என்றான், இன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்ப்பவன் போல.

அப்போதுதான் கறுப்புக் கார் வந்து நின்றது. சின்ன டெலோரிஸ் இறங்கினாள். பின்னாலேயே படம் பிடிக்கிறவன். அவள் நீளமான கம்பளிக் கோட்டில் கைகளை விரித்துக்கொண்டு நேராக வந்தாள்.

“பெரியம்மா!”

தெரு முழுக்கக் கேட்கும் குரல். கட்டிப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பெரியவளின் மூக்கு அந்தக் கழுத்தில் பட்டது. ஊன்றுகோல் கீழே விழுந்தது. பெரியவளின் கை தானாகவே அவள் முதுகில் ஏறித் தட்டிக் கொடுக்கத் தொடங்கியது.

“இப்படித் திரும்புங்க” என்றான் படக்காரன். “ரெண்டு பேரும் சிரிங்க.”

சிரித்தார்கள். படம் எடுத்தாயிற்று. சின்னவள் கையை விட்டாள். உதடு அசையாமல், “இனிமே இந்தப் பக்கம் வராதீங்க” என்று சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து நின்ற ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனாள். பீக் குனிந்து ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தான். வான்கோழி கொடுக்கவில்லை.

பெரியவள் திரும்பித் தெருவைக் கடந்தாள். கார் ஒன்று ஹாரன் அடித்தது. பெட்வே அம்மாள் தன் வான்கோழியை இடுப்பில் அணைத்தபடி பின்னாலேயே பாதித் தெருவரைக்கும் வந்தாள்.

“குடுத்தாளா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு அப்படிப் பல்லைக் காட்டிச் சிரிச்ச?”

பெரிய டெலோரிஸ் படியில் ஒரு காலை வைத்து, கோணல் இடுப்பை மெதுவாகத் தூக்கினாள்.

“சிரிக்கச் சொன்னாங்க” என்றாள்.